வரப்போரம் கை அறுக்கும் புல்: நெல்லின் காட்டுச் சொந்தத்தை அடையாளம் காணப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வயலில் இறங்கிய முதல் வருடம், வரப்பை ஒட்டித் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த மெல்லிய பயிர் ஒன்றைப் பார்த்தேன். சிந்திய நெல் முளைத்திருக்கிறது என்று நினைத்தேன். வெறுங்கையால் பிடித்து உருவினேன். ஆட்காட்டி விரலில் மூன்று சிவப்புக் கோடுகள் விழுந்தன. பக்கத்து வயலில் நடவு செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எல்லாம் விவசாயத்துக்கு வந்துவிட்டார் என்று சிரித்தார். சிரித்தது நியாயம்தான். ஆனால் நான் ஏமாந்ததிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று பிறகு புரிந்தது. அந்தப் புல் நெல்லுக்கு நெருங்கிய சொந்தம். பெயர் லீர்சியா.

வயலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், செடிகளைப் பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. ஒரே ஒரு காலைப் பொழுதில் வாய்க்கால் கரையில் நின்று, இது லீர்சியா, இது நெல், இது களைநெல், இது குதிரைவாலிக் களை என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். அவ்வளவுதான் இலக்கு.

யார் இந்த லீர்சியா?

நெல்லும் அதன் உறவுப் புற்களும் சேர்ந்த குலத்துக்கு ஒரைசியே என்று பெயர். அதில் நெல்லின் பேரினமாகிய ஒரைசாவுக்கு மிக அருகில் நிற்பது லீர்சியா. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் பிரிந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் நெல்லின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியாளர்கள், வீட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு பங்காளியை வைத்துக் குடும்பக் கதையைச் சரிபார்ப்பதுபோல, லீர்சியாவை அருகில் வைத்துக்கொள்கிறார்கள். 2018-இல் பயிர் நெல்லும் காட்டு நெல்லுமாகப் பலவற்றின் மரபணுத் தொகுதிகள் ஒன்றாக வெளியிடப்பட்டபோது, அந்த வரிசையில் மடகாஸ்கரைச் சேர்ந்த லீர்சியா பெரியெரியும் இருந்தது.

பேரினத்துக்கு 1788-இல் பெயரிட்டவர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர். ஜெர்மனியின் ஹெர்போர்ன் ஊரில் மருந்தாளராக இருந்து செடிகளை ஆராய்ந்த யோகான் டேனியல் லீர்ஸ் என்பவரின் நினைவாக அந்தப் பெயர். இன்று சுமார் 18 இனங்கள் கணக்கில் இருக்கின்றன. ஐரோப்பா, வட அமெரிக்காவின் ஈர நிலங்களில் லீர்சியா ஒரைசாய்டிஸ், அமெரிக்கக் காடுகளின் நிழலில் லீர்சியா விர்ஜினிகா, ஜப்பானில் வேறொன்று என்று உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது இந்தக் கூட்டம். வெப்ப நாடுகள் எங்கும், நம் குளத்திலும் வாய்க்காலிலும் வடிகாலிலும் இருப்பது லீர்சியா ஹெக்ஸாண்ட்ரா. இனி லீர்சியா என்று நான் எழுதும் இடத்தில் எல்லாம், வேறாகச் சொல்லாவிட்டால், இதைத்தான் குறிக்கிறேன்.

உள்ளூர்ப் பெயர் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்; பல இடங்களில் ஒரே பெயரை நான்கைந்து புற்களுக்குச் சொல்வதும் உண்டு. பெயரை நம்பாமல் செடியைப் பாருங்கள்.

போவதற்கு முன்

பெரிய தயாரிப்பு எதுவும் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அது போதும். மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய அளவுகோல், பழைய செய்தித்தாள், பென்சில், துணிக் கையுறை. பேனா வேண்டாம், வயலில் மை ஊறிவிடும்.

ஒரு கம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வரப்புப் புல்லுக்குள் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வரும். தட்டிக்கொண்டே நடங்கள்.

இன்னொரு எச்சரிக்கையைப் பெரும்பாலானோர் சொல்வதில்லை. லீர்சியா அறுத்த விரலை வயல் தண்ணீருக்குள் விட்டால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து அந்தக் கிருமி தோலில் உள்ள கீறல் வழியாக உடலுக்குள் போய்விடும். காயம் பட்டால் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம், வயலில் வேலை செய்தேன், கையில் காயம் இருந்தது என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

வயலுக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். புதிதாகச் சேறு பூசி அண்டை கட்டிய வரப்பில் கால் வைக்காதீர்கள். ஒரு மிதி மிதித்தால் அங்கிருந்து தண்ணீர் கசியும். அதன்பிறகு அந்த ஊரில் உங்களை யாரும் வயலுக்குள் விடமாட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட நேரம் எனக்குப் பிடித்தது. வெயில் ஏறும்போது பூ விரிந்து மகரந்தப்பைகள் வெளியே தொங்கும். பிறகு அவை ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

எங்கே தேடுவது?

வயலின் நடுவில் தேடாதீர்கள். உழுது, சேறு அடித்து, நடவு செய்யும் இடத்தில் இது நிலைத்து நிற்பது குறைவு. ஓரத்தைப் பாருங்கள்: வரப்பு தண்ணீரைத் தொடும் கோடு, வாய்க்கால் கரை, மதகடி, வடிகால், குளத்தின் ஆழம் குறைந்த பக்கம், மாடு இறங்கும் துறை. வேர் ஈரத்தில், தலை வெயிலில் இருக்கும் இடம் அதற்கு வேண்டும். கரையில் தொடங்கித் தண்ணீரின் மேல் படுத்துக்கொண்டு, கணுவுக்குக் கணு வேர் விட்டு, பாய் விரித்ததுபோல உள்ளே போகும். மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்திருக்கும் நேரத்தில் அந்தப் பாயைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்: நெல்லைவிடச் சற்றுச் சாம்பல் கலந்த பச்சை.

முதல் படி: நிற்கிற விதத்தைப் பாருங்கள்

நெல் தூர் கட்டி நிமிர்ந்து நிற்கும். லீர்சியா படரும். ஒரு தண்டைப் பிடித்து அடியைத் தேடிப் போனால் அது வேறொரு தண்டில் போய் முடியும், அந்தத் தண்டு சேற்றுக்குள் ஓடும். தண்டு பென்சில் முனையளவுக்கு மெல்லியது. பூக்கும் கிளைகள் மட்டும் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை எழும்பும்.

இலை நெல் இலையைவிடக் குட்டை, ஒடுக்கம். வெயிலில் வாடினால் நீளவாக்கில் மடிந்துகொள்ளும். இவை எல்லாம் சந்தேகம் வருவதற்குப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது. உரமில்லாத மண்ணில் நிற்கும் நோஞ்சான் நெல்லும் தூரத்திலிருந்து இப்படித்தான் தெரியும்.

இரண்டாம் படி: தொட்டுப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

இலையின் ஓரத்தை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து, ஒரு முறை மேல்நோக்கியும் ஒரு முறை கீழ்நோக்கியும் நகர்த்துங்கள். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் பிடிக்கும். கைலென்ஸில் பார்த்தால் ஓரம் முழுக்க மணல்துகள் அளவுக் கொக்கிகள். அந்தக் கொக்கிகளின் சுவர் கண்ணாடி செய்யும் அதே சிலிக்காவால் உறுதிப்பட்டது. இதனால்தான் ஆங்கிலத்தில் இந்தப் பேரினத்துக்கே அறுக்கும் புல் என்று பொருள்படும் பெயர் விழுந்தது.

புதியவர்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். கை அறுத்தால் லீர்சியா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நெல் இலையும் சொரசொரப்பானது. கதிர் அறுத்த கையைக் கேட்டால் சொல்லும். நாணல் அறுக்கும், கரும்புத் தோகை அறுக்கும், கோரையில் சில வகைகளும் அறுக்கும். அறுப்பது ஒரு சாட்சி. இன்னும் மூன்று சாட்சிகளை விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் படி: கணு

தண்டில் ஒரு கணுவைக் கண்ணுக்கு அருகே கொண்டுவாருங்கள். லீர்சியாவின் கணுவைச் சுற்றி வெள்ளையான சிறு ரோமங்கள் வளையம் கட்டியிருக்கும். கீழ்நோக்கிச் சாய்ந்த தாடிபோல. நெல்லின் கணு வழவழப்பானது. இது கைலென்ஸ் இல்லாமலேயே, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் தெரியும் அடையாளம். எனக்கு இந்தத் தாடியின் மேல் தனிப் பிரியம். ஓடும் தண்ணீரில் பாதி மூழ்கியிருக்கும் தண்டிலும் பார்த்துவிடலாம், கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: இலைநாக்கு

புல் இனத்தைக் கண்டுபிடிக்கும் கலையில் பாதி இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. இலை தண்டைச் சுற்றி உறைபோல மூடியிருக்கும் பகுதியும், அதிலிருந்து பிரிந்து விரியும் பகுதியும் சந்திக்கும் மூட்டைப் பிடியுங்கள். இலையை மெதுவாகப் பின்னால் வளையுங்கள். உட்பக்கத்தில் தண்டை ஒட்டி ஒரு சவ்வு எழும்பி நிற்கும். அதுதான் இலைநாக்கு. மழைநீர் உறைக்குள் இறங்காமல் தடுக்கும் சட்டைக் காலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லில் இந்த நாக்கு நீளம்: ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை போகும், நுனி இரண்டாகப் பிளந்து பாம்பின் நாக்குபோல இருக்கும். அதன் இரு பக்கமும் அரிவாள் வடிவில் வளைந்த, ரோமம் முளைத்த காதுமடல்கள் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். லீர்சியாவில் நாக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான். நுனி கத்தரித்ததுபோல மட்டமாக இருக்கும். நெல்லுக்கு உள்ளதுபோன்ற ரோமக் காதுமடல் கிடையாது.

குதிரைவாலிக் களைக்கு நாக்கே கிடையாது. சந்திப்பு வழவழவென்று வெறுமையாக இருக்கும். நடவு முடிந்த மூன்றாவது வாரத்தில் நெல்லுக்கும் குதிரைவாலிக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிக்கும் புதியவருக்கு இந்த ஒரு வரி போதும்: நாக்கு இருந்தால் நெல், இல்லாவிட்டால் பிடுங்கு. அனுபவசாலிகள் இதைப் பார்ப்பதே இல்லை, நிறத்திலேயே கண்டுகொள்வார்கள். நமக்கு அந்தக் கண் வரும்வரை நாக்கைப் பார்ப்போம்.

கோரையைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. தண்டை இரண்டு விரலுக்கிடையில் உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டினால் கோரை. அது புல்லே இல்லை, வேறு குடும்பம்.

ஐந்தாம் படி: கதிரும் உமியும்

கடைசித் தீர்ப்பு இங்கேதான். ஆகவே அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். லீர்சியாவின் கதிர் ஐந்திலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், மெல்லிய கிளைகள், கனமில்லாமல் நிமிர்ந்தோ சற்றே சாய்ந்தோ நிற்கும். நெற்கதிர்போல மணி பிடித்துத் தலை கவிழாது.

ஒரு சிறுகதிரை, அதாவது உமியோடு சேர்ந்த ஒரு மணியை, நகத்தால் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். நீளம் மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர். நெல்மணியில் பாதிகூட இல்லை. பக்கவாட்டில் நசுக்கியதுபோலத் தட்டை. உமியின் முதுகு ஓரத்தில் சீப்புப் பல்போல விறைத்த ரோமவரிசை இருக்கும். நுனியில் வால் கிடையாது. பச்சையாகவோ, லேசான ஊதா கலந்தோ இருக்கும்.

இப்போது அடியைப் பாருங்கள். வீட்டிலிருந்து உமி நீக்காத நான்கு நெல்மணிகளைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. நெல்மணியின் அடியில், உமி தொடங்கும் இடத்தில், இரண்டு குட்டிச் செதில்கள் இரு பக்கமும் ஒட்டியிருக்கும். வாழ்நாள் முழுக்க நெல்லைப் பார்த்தவர்களும் அவற்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் தனிப் பூக்களாக இருந்திருக்க வேண்டியவற்றின் எச்சம் அவை. லீர்சியாவில் அந்த இரண்டு செதில்களும் இல்லவே இல்லை. காம்பின் நுனியிலிருந்து நேராக உமி தொடங்கிவிடும்.

செதில் இரண்டு இருந்தால் ஒரைசா. செதில் இல்லாவிட்டால் லீர்சியா. மற்ற எல்லாச் சாட்சிகளும் பிறழலாம், நிலமும் நீரும் மாறினால் உயரம், நிறம், இலையகலம் எல்லாம் மாறும். உமியின் அடி மாறாது. அந்த அக்காவிடம் மறுவருடம் இதைக் காட்டியபோது லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வயல் நெல்லின் மணியைப் பறித்துப் பார்த்தார். முப்பது வருடமாக இது கண்ணில் படவில்லையே என்றார்.

பூ விரிந்திருக்கும் நேரத்தில் போயிருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். தொங்கும் மகரந்தப்பைகளை எண்ணுங்கள். ஆறு இருக்கும். ஹெக்ஸாண்ட்ரா என்ற பெயரின் பொருளே அதுதான், ஆறு ஆண் உறுப்புகள். பெரும்பாலான புற்களுக்கு மூன்றுதான். நெல்லுக்கும் ஆறு! குடும்பச் சாயல் என்பது இதுதான். ஆனால் பேரினம் முழுக்க ஆறு என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். லீர்சியா ஒரைசாய்டிஸுக்கு மூன்றே. அந்த இனம் இன்னொரு வேடிக்கையும் செய்யும். கதிரை வெளியே விடாமல் இலையுறைக்குள்ளேயே வைத்து, பூ விரியாமலே தன் மகரந்தத்தால் தானே கருவுற்று விதை தரும். சார்லஸ் டார்வின் அதை வளர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

களைநெல்லும் குளநெல்லும் வேறு

லீர்சியா நம் நெல்லோடு கலந்து விதையைக் கெடுத்துவிடுமோ என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். கலக்காது. நெல்லின் உயிரணுவில் 24 குரோமோசோம்கள், லீர்சியா ஹெக்ஸாண்ட்ராவில் 48. வரப்பில் ஒன்றும் வயலில் ஒன்றுமாகக் காலமெல்லாம் பக்கத்தில் நின்றும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை.

கலப்பவை வேறு. ஒரைசா பேரினத்துக்குள்ளேயே இருக்கும் காட்டு நெல்கள்: குளங்களில் பல்லாண்டு வாழும் ஒரைசா ரூஃபிபோகன், வற்றும் பள்ளங்களில் ஓராண்டில் முடியும் ஒரைசா நிவாரா. குளநெல் என்றும் நீவாரம் என்றும் பழைய அகராதிகள் சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். நிவாரா என்ற அறிவியல் பெயரே நீவாரத்திலிருந்து வந்தது. இவை நெல்லோடு கலக்கும். வயலில் தொல்லை தரும் களைநெல்லுக்குப் பின்னால் பல இடங்களில் இந்தக் கலப்பு இருக்கிறது. அடையாளம்: மணியின் நுனியில் நீண்ட வால், முற்றியதும் தொட்டாலே உதிர்ந்துவிடும் குணம், உமியை நீக்கினால் பெரும்பாலும் சிவந்த அரிசி. அடியில் இரண்டு செதில்களும் இருக்கும்.

களைநெல்லைத் திட்டும்போது ஒரு கடனையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1970-களில், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்னும் பூச்சி பரப்பிய புல்குட்டை நச்சுயிரி நோய் ஆசிய வயல்களைத் தாக்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சலித்தும் கைக்கு வந்த எதிர்ப்பு ஒன்றே ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா அது. அந்த ஒரு புல்லின் எதிர்ப்புக் குணம்தான் 1976-இல் வெளிவந்த ஐஆர் 36 ரகத்துக்குள் போனது.

பிச்சாவரத்து உப்பங்கழிச் சேற்றில் நிற்கும் ஒரைசா கோஆர்க்டேட்டா என்னும் உப்புத் தாங்கும் உறவும் உண்டு. கடைகளில் கறுப்பு ஊசிபோல விற்கும் வட அமெரிக்கக் காட்டரிசி வேறு பேரினம், ஜிசானியா. இரண்டையும் வரப்பில் தேட வேண்டாம்.

கண்டுபிடித்துவிட்டீர்கள். பிடுங்குவதா, விடுவதா?

இங்கேதான் எனக்கும் வேளாண்மைப் புத்தகங்களுக்கும் சிறு சண்டை. நெற்பூச்சிகளுக்கு மாற்று உணவுச்செடி என்று எழுதி, அழி என்று முடித்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை.

பச்சைத் தத்துப்பூச்சிகளில் சில லீர்சியாவில் வாழும். பாக்டீரியா இலைக்கருகல் நோயின் கிருமி லீர்சியா இனங்களில் தங்கும். ஜப்பானில் குளிர்காலத்தில் அது தங்கியிருக்கும் இடங்களில் ஒன்றாக அங்குள்ள லீர்சியாவைத்தான் சொல்கிறார்கள். ஆகவே பக்கத்து வயலில் இலைக்கருகல் கண்டால், வாய்க்கால் மேற்பக்கத்தில் இருக்கும் லீர்சியாவை நடவுக்கு முன் அகற்றிவிடுவது சரி.

புகையான் கதை வேறு. லீர்சியாவிலும் புகையான் இருக்கிறது, பார்வைக்கு நெற்புகையானேதான். பிலிப்பைன்ஸில் அதைப் பிடித்து ஆராய்ந்தார்கள். லீர்சியாவில் பிறந்த கூட்டம் நெல்லில் தேறவில்லை, நெல்லில் பிறந்தது லீர்சியாவில் தேறவில்லை. புகையான்கள் தண்டின் வழியாக அதிர்வை அனுப்பி ஜோடி தேடும். அந்தத் தாளமும் இரண்டுக்கும் வேறு வேறாக இருந்தது. வரப்புப் புல்லில் புகையானைப் பார்த்தவுடன் மருந்து அடிக்க ஓடாதீர்கள். அந்தக் கூட்டத்தைத் தின்றுதான் சிலந்திகளும், முட்டையில் முட்டையிடும் குளவிகளும் நடவு இல்லாத மாதங்களில் உயிர் பிழைக்கின்றன. உங்கள் வயலுக்குப் புகையான் வரும்போது முதலில் வருவது அவைதான்.

என் வழக்கம் இது. வயலுக்குள் நீட்டும் தண்டுகளை விடுவதில்லை. நடவுக்கு முன் வரப்பைச் சீவி அண்டை வெட்டும்போது வேரோடு எடுத்துவிடுகிறேன். வெளி வாய்க்கால் கரையில் உள்ளதைத் தண்ணீர் ஓட்டத்தை அடைக்காதவரை தொடுவதில்லை. கரை மண்ணை அது பிடித்து வைத்திருக்கிறது.

அகற்றும்போது செய்யும் பெரிய தவறு ஒன்று. மண்வெட்டியால் கொத்தி, துண்டுகளை அப்படியே வயலுக்குள் தள்ளிவிடுவார்கள், மக்கி உரமாகட்டும் என்று. மக்காது. ஒரு கணு உள்ள துண்டு போதும், ஈரத்தில் வேர் விடும். இந்தப் புல் பல இடங்களில் விதையைவிடத் தண்டால்தான் பரவுகிறது. கதிரைத் தேய்த்துப் பார்த்தால் நிறைய உமிகள் வெறுமையாக இருக்கும். இரண்டாவது வருடம் நானே இப்படித் தள்ளி, ஒரு வரிசையாக இருந்ததை ஒரு மூலையாக ஆக்கிக்கொண்டேன். வெட்டியதை வாரிக் கரையேற்றி, வெயிலில் சருகாகக் காயவிடுங்கள். அல்லது மாட்டுக்குப் போடுங்கள்.

மாட்டுக்குப் போடலாமா? தாராளமாக. இளந்தழையாக இருக்கும்போது எருமை விரும்பித் தின்னும். நம் விரலை அறுப்பது அதன் நாக்கை ஒன்றும் செய்வதில்லை. வெனிசுவேலாவின் வெள்ளச் சமவெளிகளில் கப்பிபாரா என்னும் பெரிய கொறிவிலங்கின் முக்கிய உணவே இந்த ஹெக்ஸாண்ட்ராதான். கதிர் முற்றியபின் தண்டு விறைத்துவிடும், அப்போது மாடு ஒதுக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் அறுக்காதீர்கள். சீனாவில் இந்தப் புல்லை ஆராய்ந்தவர்கள், குரோமியம் கலந்த நிலத்தில் அது அந்த உலோகத்தை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பதைக் கண்டார்கள். நிலத்தைச் சுத்தப்படுத்தப் பயன்படுத்தலாமா என்று பார்ப்பவர்களுக்கு நல்ல செய்தி. மாட்டுக்காரருக்குக் கெட்ட செய்தி. தோல் பதனிடுவதில் குரோமியம் பயன்படுகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தொழிற்சாலைக் கழிவு ஓடும் ஓடையில் இந்தப் புல் தளதளவென்று நின்றால், அந்தப் பச்சையை நம்பி அரிவாளை எடுக்காதீர்கள்.

மாதிரி எடுத்து வைத்தல்

பூத்த தண்டு ஒன்று, வேர்விட்ட கணு ஒன்று, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, மேலே கனமான புத்தகம் வையுங்கள். நீர்ப்புல் என்பதால் முதல் நான்கு நாட்களுக்குத் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உதிரும் சிறுகதிர்களைச் சிறு உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். தேதி, ஊர், வாய்க்காலா குளமா, தண்ணீரின் ஆழம், பூவின் நிறம் ஆகியவற்றை அன்றே பென்சிலால் எழுதுங்கள். காய்ந்தபின் நிறம் போய்விடும், நினைவு அதற்கு முன்பே போய்விடும். வெளிநாட்டு நண்பர் யாராவது ஆராய்ச்சிக்கு விதை அனுப்பச் சொன்னால் உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். அதைத் தரும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

வீட்டில் வளர்த்துப் பார்க்க ஆசை வரும். வரட்டும். ஒரு கணுத் துண்டை, அடியில் ஓட்டை இல்லாத வாளியில் ஒரு சாண் சேறும் நான்கு விரல் தண்ணீரும் விட்டு நடுங்கள். பக்கத்து வாளியில் நான்கு நெல். இரண்டும் நாக்கு விடுவதிலிருந்து பூப்பது வரை அருகருகே பார்த்தால் இந்தக் கட்டுரை தேவைப்படாது. வாளியைத் திண்ணைக்கு மேலே வையுங்கள். நான் கொல்லையில் வைத்தேன். ஆறு மகரந்தப்பைகளையும் எண்ணிப் படம் எடுக்கலாம் என்று காத்திருந்த காலையில், பக்கத்து வீட்டு எருமை வேலியைத் தாண்டி வந்து இரண்டு வாளிகளையும் வழித்துவிட்டுப் போயிருந்தது. முதலில் தின்றது லீர்சியாவைத்தான் என்பது சேற்றில் இருந்த குளம்புத் தடத்தில் தெரிந்தது.